எந்தப் பெயருக்கும் திரும்புகிறவள்

அவளுடைய பெயரை நான் மறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எதையும் மறைத்து வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. என்னிடம் ரகசியம் சொன்னவர்கள் எல்லோரும் பிறகு தலையில் கைவைத்தவர்கள்தான். அவள் பெயர் எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒரே குசினியில் அவளோடு வருடக்கணக்கில் தேங்காய் துருவியிருக்கிறேன். ஒரே கிணற்றில் குளித்திருக்கிறேன். காய்ச்சல் வந்தால் அவளுடைய கைதான் என் நெற்றியில் இருக்கும். பெயர் மட்டும் தெரியாது.

அறியப் பார்க்காமல் விட்டவளும் இல்லை நான். ஒருநாள் கிணற்றடியில் குனிந்து உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் பதுங்கிப் போய் “மலர்” என்று கூப்பிட்டேன். திரும்பினாள். பிடித்துவிட்டேன் என்று எனக்குப் பெரிய சந்தோசம். ஆனாலும் மனம் அடங்கவில்லை. வாளியை எடுக்கிற சாட்டில் சுற்றிப் போய் “பரீதா” என்றேன். அதற்கும் திரும்பினாள். கொஞ்சம் பொறுத்து “குசுமா” என்றேன்.

“என்னக்கா?” என்றாள், கையில் சவர்க்கார நுரையோடு.

“அடியேய், உனக்கு எத்தினை பேர்?”

“கூப்பிடுற ஆளுக்குப் பதில் வேணும்தானே. நான் திரும்பாட்டி கூப்பிட்டவைக்கெல்லோ வெக்கம்.”

“உன்ர அம்மா அப்பா என்னெண்டு கூப்பிட்டவை?”

“அவை கூப்பிட்டு முடிச்சிட்டினம்,” என்று சொல்லிவிட்டு என் மனிசனின் சாரத்தைக் கல்லில் ஓங்கி அடித்தாள்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததும் ஒரு கூப்பாட்டில்தான்.

அப்போது திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் இருந்தோம். என் மாமிக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவர் என் மனிசன், கப்பலில் வருகிற கோதுமை மா மூட்டை இறக்குகிற வேலை. இளையவன் மூதூர்ப் பக்கம் மேசன் வேலைக்குப் போய், சொல்லாமல் கொள்ளாமல் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். நாங்கள் அவளைக் கண்டதில்லை. பிறகு அந்தப் பக்கம் பிரச்சினை பெருத்து, சனம் சிதறி ஓடியது. அவன் போன இடம் தெரியவில்லை. “பெண்சாதி தப்பிட்டாளாம், லோஞ்சில வருவாளாம்” என்று யாரோ சொன்ன ஒரு கதைதான் மாமிக்கு மிச்சமாகக் கிடைத்தது.

அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணிலும் பூ விழுந்த மனுசி, மூதூர் லோஞ்ச் வருகிற நேரமெல்லாம் இறங்குதுறைக்குப் போய் நிற்பார். நான் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இறங்குகிற பொம்பிளைகளின் குரலைக் கேட்டு “இவளோ, இவளோ” என்று கேட்பார். காணாத மருமகளுடைய குரல் எப்படித் தெரியும் என்று நான் கேட்டால் எனக்குத்தான் ஏச்சு விழும்.

அன்றைக்கு இறங்கின சனத்தை ஆமிக்காரன் பை பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தான். எல்லோரும் போய் முடிந்த பிறகும் ஒருத்தி மட்டும் ஒரு துணிப்பையோடு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள். நாற்பதுக்குக் கிட்ட வயது இருக்கும். மாமியின் கை அவளுடைய முழங்கையில் பட்டுவிட்டது. மாமி விடவில்லை.

“வந்திட்டியே மருமோள்?”

அவள் மாமியின் கண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இல்லையென்று சொல்லு என்று நான் தலையை ஆட்டினேன்.

“ஓம் மாமி. இப்பத்தான் வந்தனான்,” என்றாள்.

வீட்டுக்கு வருகிற வழியில், பழகின பாதைதானே என்று மாமி என் கையை விட்டு முன்னால் விறுவிறு என்று நடக்க, நான் அவளுடைய காதுக்குள் கேட்டேன். “நீ உண்மையா அவன்ர பெண்சாதியோ?”

“உங்களுக்கு எப்பிடி விருப்பம் அக்கா?”

“உறவெண்டால் கடையில சீலை எடுக்கிற மாதிரியே, விருப்பம் பாக்க?”

“மாமிக்கு விருப்பம் போல கிடக்கு,” என்றாள்.

என் மனிசன் வேலையால் வந்து, “ஆர் இது?” என்றார். “உங்கட அம்மா ஜெற்றியில வாங்கினது” என்றேன் நான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவளைக் கதிரையில் இருத்தி, தம்பியை எங்கே கடைசியாகக் கண்டாள் என்று கேட்டார். அவள் பதில் சொல்லாமல், “அவர் சின்னனில எப்பிடி இருந்தவர் அண்ணை?” என்றாள். அவ்வளவுதான். மனுசன் தொடங்கிவிட்டார். தம்பி கடலில் விழுந்தது, பள்ளிக்கூடத்துக்கு ஒளித்துக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்கு ஓடினது, சூடை மீன் பொரியலுக்காகத் தன்னோடு அடிபட்டது எல்லாம் சொல்லிச் சொல்லிக் கடைசியில் அழுதார். அவளும் சேர்ந்து அழுதாள். கேட்ட கேள்வியை அவர் மறந்துபோனார்.

கொஞ்ச நாள் போக, அதே கதைகள் மாமிக்குத் திரும்பி வந்தன. “அவருக்குச் சூடை மீன் எண்டா உயிர் மாமி, கடைசித் துண்டை எனக்கு வைச்சிட்டுத்தான் எழும்புவார்” என்பாள். மாமியின் முகம் மலரும். கடைசித் துண்டு வைக்கிற குணம் எங்கள் வீட்டு ஆண்களுக்கு இல்லவே இல்லை. ஆனால் அவள் சொன்னால் எனக்கே அவன் நல்லவனாகிவிட்டது போல இருக்கும். சில வேளை பயமாகவும் இருக்கும்.

ஒழுங்கை முகப்பில் ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடை இருந்தது. அவள் அங்கே இடியப்பம் அவித்துக் கொடுப்பாள். ஒருநாள் பட்டினத்தில் தமிழ்ச் சனத்துக்கும் முஸ்லிம் சனத்துக்கும் பிரச்சினை. எந்தப் பக்கம் முதலில் கல் எறிந்தது என்று கேட்டால் இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைக் காட்டும். அவள் நானாவின் வீட்டுக் குசினிக்குள் அகப்பட்டுவிட்டாள். நாலைந்து பேர் வாசலில் வந்து, உள்ளுக்கு ஆர் என்று கேட்டார்கள். நானாவின் மனைவி கொடியில் காய்ந்த முக்காட்டை இழுத்து அவள் தலையில் போட்டுவிட்டார்.

“ஏண்ட தங்கச்சி. கிண்ணியாவில இருந்து வந்திரிக்கா.”

“ஓம் ராத்தா,” என்றாளாம் இவள் உள்ளே இருந்து, அவர்களுடைய ராகத்தில்.

அன்றைக்கிலிருந்து கடைப்பக்கம் அவளுக்குத் தங்கச்சி என்று பெயர். கடையடிக்குப் போகும்போது சீலைத் தலைப்பு தானாகத் தலைக்கு ஏறும். எங்கள் படலைக்குள் வரும்போது தானாக இறங்கும். நெற்றியை எப்போதும் வெறுமையாகத்தான் வைத்திருப்பாள். காலையில் மாமி தடவித் தடவித் திருநீறு பூசிவிட்டால் அதோடு இருப்பாள். கடையடிக்குப் போகும்போது நெற்றி வியர்வையைத் துடைப்பாள். நோன்பு வந்தது. அந்த வீட்டோடு சேர்ந்து நோன்பு பிடித்தாள்.

“நீ நோன்போ? காலமை எங்கட வீட்டில புட்டுத் திண்டது ஆர்?” என்றேன்.

“அது உங்கட வீட்டு வயிறு அக்கா,” என்றாள்.

சிரித்தேன். பிறகு பார்த்தால் அவள் அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டிலும் பகலில் ஒன்றும் தின்னவில்லை. மாமிக்காகக் கோப்பையில் போட்டுக்கொள்வாள், கையால் அளைவாள், கோழிக்குக் கொட்டுவாள். கண் தெரியாத மனுசிக்குக் கோப்பையின் சத்தம் போதும்.

மூன்றாவது வீடு பேக்கரி வைத்திருந்த சிங்கள நோனாவின் வீடு. எங்கள் ஒழுங்கைக்கு எதிர்ப்பக்கம். நோனாவின் தாய்வீடு கந்தளாயில். தனியாகப் பஸ்ஸில் போகப் பயம் என்று ஒருமுறை துணைக்கு இவளைக் கூட்டிக்கொண்டு போனார். ஆமியின் சென்ரியில் இறக்கி அடையாள அட்டை கேட்டார்கள். இவளிடம் அட்டை இல்லை. தொலைந்தது என்றுதான் எங்களுக்கும் சொல்லியிருந்தாள். நோனா முந்திக்கொண்டு “மகே நங்கி” என்று, தன்னுடைய தங்கச்சி என்று, சொல்லிவிட்டார். பேக்கரி நோனாவின் பாணைத் தின்னாத ஆமிக்காரன் அந்தப் பக்கம் இல்லை. விட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்த நோனா எங்கள் வேலியடியில் நின்று கண்ணைத் துடைத்தார். “அக்கே, நம்மட சொந்த நங்கி செத்துப் போனதுதானே. அம்மா இவளப் பாத்து அழுதது. ராத்திரி அந்தக் கட்டில்ல தான் படுக்கச் சொன்னது.”

நோனா போன பிறகு அவளைக் கேட்டேன். “உனக்குத்தான் சிங்களம் தெரியாதே. அந்தத் தாயோட என்ன கதைச்சனீ?”

“ஒவ் எண்டனான்.”

“அது ஓம். மற்றது?”

“மற்றது ஒண்டும் தேவைப்படேல்லை அக்கா.”

இப்படி மூன்று வீட்டுக்கும் ஒருத்தி. எங்களுக்கு மருமகள், நானா வீட்டுக்குத் தங்கச்சி, நோனாவுக்கு நங்கி. மூன்று வீட்டிலும் அவள் நடிக்கிறாள் என்று யாரும் சொல்ல ஏலாது. எங்கள் மாமிக்கு மூத்திரச் சட்டி எடுத்தவள் அவள்தான். நானாவின் மனைவிக்குப் பிள்ளை பிறந்தபோது வயிற்றுக்கு வெந்நீர் பிடித்தவளும் அவள்தான்.

ஒரே ஒருமுறைதான் அவளை ஒருத்தருடைய ஆளாகவும் இல்லாமல் கண்டேன். மத்தியானம். மாமி நித்திரை. நான் சங்கக்கடையால் வந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கத்தால் வந்தேன். அவள் குசினிப் படியில் இருந்தாள். கை இரண்டும் மடியில். முகத்தில் ஒன்றுமில்லை. கவலை என்றால் கவலை என்று சொல்லலாம், அதுவும் இல்லை. பட்டினத்தில் ஆடு மாதிரித் திரிகிற மான்களில் ஒன்று வேலியைத் தாண்டி வந்து அவளுக்குக் கிட்ட நின்று வாழைத்தோலைத் தின்கிறது, அதையும் அவள் பார்க்கவில்லை. என் காலில் சருகு மிதிபட்டது. உடனே அந்த முகம் எங்கள் வீட்டு முகமாகிவிட்டது. “சீனி வந்ததே அக்கா?” என்று எழும்பினாள்.

அன்றைக்கு விடாமல் பிடித்தேன். “எனக்கு மட்டும் சொல்லு. நீ ஆர்? எந்த ஊர்? ஆரைத் துலைச்சிட்டு வந்தனீ? ஒருத்தருக்கும் சொல்லன்.”

“நீங்களோ?” என்று சிரித்தாள். என் வாயைப் பற்றி அவளுக்கும் தெரியும். பிறகு சிரிப்பை விட்டுச் சொன்னாள். “சொன்னா, பிறகு நீங்கள் எல்லாரும் அந்த ஆளைத்தான் பாப்பியள் அக்கா. அவளைப் பாவம் எண்டுவியள். எனக்கு அவள் வேண்டாம். மாமி கூப்பிடுற ஆள் நல்ல ஆள்.”

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அட்டை இல்லாமல் அவள் ஒருநாள் அகப்படுவாள் என்ற பயம் மட்டும் இருந்தது. ஆமி வந்து கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குள்ளே ஒரு பதில் தயார் செய்து வைத்தேன். மூதூர் என்று சொன்னால் இயக்கத்து ஆள் என்று சந்தேகப்படுவார்கள். ஆகவே சாம்பல்தீவு என்று சொல்ல வேண்டும். நானாவும் தன் வீட்டில் ஒரு பதில் தயார் செய்து வைத்திருந்தார். நோனாவும் வைத்திருந்தார். மூன்று வீட்டாரும் தினமும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினோம், ஒரே தேத்தண்ணியைக் குடித்தோம். ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்ள மட்டும் தோன்றவில்லை. அவள் எங்களுடையவள்தானே, மற்றவர்களை எதற்குக் கேட்பது என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டோம்.

துறைமுகப் பக்கம் குண்டு வெடித்த அன்று விடியவே எங்கள் பக்கத்தைச் சுற்றி வளைத்தார்கள். எல்லோரையும் ஒரு பள்ளிக்கூட வளவுக்குக் கூட்டிப் போனார்கள். தமிழ்ச் சனம் மாமரத்தடியில், முஸ்லிம் சனம் மதிலோரம், சிங்களச் சனம் கேற்றடியில். நடுவில் ஒரு மேசை போட்டு ஒரு அதிகாரி இருந்தார். வயது போனவர். கொஞ்சம் தமிழ் கதைப்பார். அட்டை இல்லாதவர்களைத் தனியே எடுத்தார்கள். அவளும் போனாள். நிற்பாட்டி வைத்த ட்ரக்குக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். பொறுப்புச் சொல்ல ஆள் வந்தால் விடுவார்கள், வராவிட்டால் ட்ரக்.

என் மனிசன் ஆண்களின் வரிசையில் இருந்தார். மாமியை ஒரு வேரில் இருத்திவிட்டு நான்தான் மேசைக்குப் போனேன்.

“சேர், அது என்ர மனிசன்ர தம்பியின்ர பெண்சாதி. சாம்பல்தீவு ஆள். அட்டை துலைஞ்சிட்டுது.”

“நிச்சயம்?”

“பிள்ளையள் அறியச் சத்தியம் சேர்.”

சரி, அங்கால் போய் நில் என்றார். போய் நின்றேன். பெரிய வேலை முடித்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன். அப்போது மதிலோரத்தில் இருந்து நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு மேசைக்கு நடந்து வருகிறார். இந்த மனிசன் எங்கே வருகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கினபோது, வர வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் பார்க்கவில்லை. குனிந்து சொல்கிறார். கிண்ணியா என்ற ஒரு சொல் மட்டும் எனக்குக் கேட்டது. அதிகாரி தலையாட்டி, அவரையும் எனக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

“நானா, என்ன சொன்னீங்கள்?” என்றேன் வாய்க்குள்.

“நம்மட தங்கச்சி எண்டு சொன்ன. நீங்க?”

நான் சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் கேற்றடியைப் பார்த்தோம். நோனா அதற்குள் மேசைக்கு வந்துவிட்டார். பயமில்லாத நடை. சிங்களத்தில் சிரித்துச் சிரித்து நீளமாகச் சொல்கிறார். அதில் நங்கி என்பதும் கந்தளாய் என்பதும் எங்களுக்கு நன்றாகக் கேட்டன.

அதிகாரி பேனையை மூடினார். மூன்று பேரையும் மேசைக்கு முன்னால் கூப்பிட்டார். அவளையும் கொண்டுவரச் சொன்னார்.

“ஒரு பொம்பிள. மூணு ஊர், மூணு வீடு,” என்றார். கத்தவில்லை. அதுதான் பயம். “ரெண்டு பேர் பொய். ஆமிக்குப் பொய் சொன்ன ஆள் நம்மகூட வரணும். யாரு பொய்? நீ சொல்லு.”

அவளைத்தான் கேட்டார்.

அவள் எங்களைப் பார்த்தாள். எனக்கு மூன்று பிள்ளைகள். நானாவின் மனைவியின் கையில் பால்குடிப் பிள்ளை. நோனாவைச் சிங்களம் என்று விட்டுவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம், அந்த நாளில் தமிழரை ஒளித்ததற்குச் சிங்களவருக்கும் அடி இருந்தது. அவள் ஒருத்தரை உண்மை என்று சொன்னால் மற்ற இரண்டு பேரும் ட்ரக்கில் ஏற வேண்டும்.

“மூண்டும் பொய் சேர்,” என்றாள். “எனக்கு இவை ஒருத்தரையும் தெரியாது. நேற்றுத்தான் இந்தப் பக்கம் வந்தனான். பாவம் பாத்துச் சொல்லினம்.”

“தெரியாத ஆளுக்கு மூணு பேர் சொல்றதா?”

“இஞ்சத்தச் சனம் அப்பிடி சேர். ஆரைக் கண்டாலும் தங்கடை ஆள் எண்டுங்கள்.”

நான் வாயைத் திறந்தேன். நானா என் காலை மிதித்தார். அந்த நேரம் பார்த்து மாமரத்தடியில் இருந்து என் மாமி எழும்பி நின்று, குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, சத்தமாகக் கேட்டார்.

“மருமோள், காலமை ஒண்டும் குடிக்கேல்லை எல்லே நீ? தேத்தண்ணி தந்தவையே?”

அவள் அதிகாரியையே பார்த்தபடி நின்றாள்.

“மருமோள்?”

அதிகாரி அவளைப் பார்த்தார். “உன்னத்தானே கூப்பிடுது?”

“இல்லை சேர். கண் தெரியாத மனிசி. ஆரையோ கூப்பிடுது.”

மாமி இன்னும் ஒருமுறை கூப்பிட்டார். கூப்பிட்டால் திரும்புகிறவள் திரும்பவில்லை. கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டு நின்றதை நான் கண்டேன். அதிகாரி எங்களைப் பார்த்து, பாவம் பார்க்கிறதென்றால் வீட்டில் வைத்துப் பாருங்கள், இங்கே வந்து பார்க்க வேண்டாம் என்று ஏசிவிட்டுப் போகச் சொன்னார். அவளை ட்ரக்கில் ஏற்றினார்கள். ஏறுகிறபோது சீலைத் தலைப்பு தலையிலும் இல்லை, இடுப்பிலும் இல்லை, எங்கள் மூன்று வீட்டிலும் இல்லாத ஒரு மாதிரித் தொங்கியது.

பின்னேரம் நானாவின் கடையில் மூன்று பேரும் இருந்தோம். கடைக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் கதைத்தோம்.

“போய்க் கேப்பம்,” என்றேன்.

“என்ன எண்டு கேக்கிற அக்கா?” என்றார் நானா. “நம்மளத் தெரியா எண்டு செல்லிட்டா. நாம போய் நம்மட ஆள் எண்டா, அவ செல்லினது பொய்யாப் போகும். அவவுக்குத்தான் அடி விழும்.”

“ஒரு ஆள் மட்டும் போகணும். ஒரே கதைதான் சொல்லணும்,” என்றார் நோனா.

எந்தக் கதை என்று பார்த்தோம். நான் சாம்பல்தீவை விடமாட்டேன் என்றேன். நானா கிண்ணியாவை விடமாட்டேன் என்றார். அவள் போன பிறகும் எங்களுக்கு அந்தச் சண்டை. கடைசியில் கந்தளாய்தான் பாதுகாப்பு என்று எல்லோருக்கும் பட்டது. “சரி நோனா, இனிமே ஒங்கட நங்கியாவே இரிக்கட்டும்,” என்று நானா எழும்பிப் போய் அடுப்பை அணைத்தார். அன்றைக்கு முதல் நாள் அந்தக் கதையைப் பேசியிருந்தால் நாலு வார்த்தையில் முடிந்திருக்கும்.

நோனா பாண் கூடையோடு முகாம் வாசலுக்குப் போனார். நங்கியைப் பார்க்க வந்தேன் என்றாராம். பெயரென்ன என்று கேட்டார்களாம். நோனா செத்துப்போன தன் சொந்தத் தங்கச்சியின் பெயரைச் சொன்னார். அப்படி ஒருத்தியும் இங்கே இல்லை என்றார்கள். அவள் உள்ளே என்ன பெயர் கொடுத்திருந்தாளோ. பாண் கூடையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்னொரு முறை போனபோது, பெயர் தெரியாமல் வராதே என்று திருப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அங்கே இருந்தவர்களை வேறு இடங்களுக்கு ஏற்றிவிட்டதாகக் கதை வந்தது.

மாமிக்கு என்ன சொல்வது? தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்றோம். மாமி அதை நம்பினார். அதுதான் வினை. “கூப்பிட்டனான், ஏன் அவள் ஓம் எண்டேல்லை? நான் என்ன பிழை விட்டனான்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திருநீற்றுத் தட்டை வைத்துக்கொண்டு காலையில் கொஞ்ச நேரம் காத்திருப்பார். மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்ற நினைப்போடுதான் செத்தார். உண்மையைச் சொன்னால் வாசலில் நின்று கத்துவாரோ என்ற பயத்தில் நாங்கள் கடைசி மட்டும் சொல்லவில்லை.

சண்டை முடிந்தது. என் பேத்தி ஒருத்தி எப்போதும் போனும் கையுமாகத் திரிவாள். பேஸ்புக்கில் ஆட்களைத் தேடிப் பிடிக்கலாம் என்றாள். அவளுக்கே அதில் வேறு பெயர். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தாமரைப்பூ. “உன்னை உன்ர கொப்பனே அதில பிடிக்க மாட்டான், நீ ஆரைப் பிடிக்கப்போறாய்?” என்றேன். ஆனாலும் ஆசை விடவில்லை. திருகோணமலை ஆட்கள் கூடுகிற ஒரு பக்கத்தில் போடச் சொன்னேன்.

“பேர் என்ன அம்மம்மா?”

“தெரியாது.”

“ஊர்?”

“தெரியாது.”

“படம்?”

“அந்த நாளில ஆர் படம் எடுத்தது.”

“உங்களுக்கு என்ன முறை எண்டாவது சொல்லுங்கோ.”

“அது தெரியும். எல்லா முறையும் போடு,” என்றேன்.

நான் சொன்னதை அப்படியே எழுதினாள். ஒழுங்கை, தேத்தண்ணிக் கடை, பேக்கரி, மாமி, எந்தப் பெயருக்கும் திரும்புகிற ஒருத்தி. இரண்டு நாளில் பதில்கள் வரத் தொடங்கின. பேத்தி வாசித்துக் காட்டினாள். நானாவின் மகன் கட்டாரில் இருந்து எழுதியிருந்தான், அது எங்கள் சாச்சி, நீங்கள் சொந்தம் கொண்டாட வேண்டாம் என்று. நோனாவின் மகள் சிங்களத்தில் எழுதியிருந்தாள், அது எங்கள் புஞ்சி அம்மா, சின்னம்மா, எங்கள் கந்தளாய் ஆச்சி சாகும்வரைக்கும் அவளைக் கேட்டார் என்று. கண்டிராத ஆட்களெல்லாம் நடுவில் பாய்ந்து, அவள் தமிழ்தான், இல்லை முஸ்லிம்தான் என்று ஆளையாள் ஏசினார்கள். பேத்திக்குச் சிரிப்பு. எனக்குப் பள்ளிக்கூட வளவில் நிற்கிற மாதிரி இருந்தது. “நிப்பாட்டச் சொல்லு, பிள்ளை,” என்றேன். நிற்பாட்ட ஏலாதாம்.

அதற்குப் பிறகு ஒருநாள் ஒரு பொம்பிளைப் பிள்ளை போனில் கதைத்தது. வவுனியாப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலையாம். பேத்தி எனக்குக் கேட்கிற மாதிரிச் சத்தத்தைக் கூட்டினாள்.

“அம்மா, இஞ்சயும் ஒரு ஆள் இருந்தவ. ஜெயில் மறியலால விட்டாப் பிறகு சிஸ்டர்மார் கொண்டுவந்து விட்டவை. போன மாரியோட கண்ணை மூடிட்டா. நீங்கள் எழுதினதை வாசிக்க அவவின்ர ஞாபகமாக் கிடந்தது. இஞ்ச பிள்ளையள் வராத கிழவியள் இருக்கினம். ‘மகளே’ எண்டு கூப்பிட்டா அவ போய்ப் பக்கத்தில இருப்பா. எல்லாருக்கும் மகள்.”

பேத்திதான் கேட்டாள், எந்த ஊர் என்று ஏதாவது சொன்னாரா என்று.

“கேட்டா, நீங்கள் ஒரு ஊரைச் சொல்லுங்கோவன் எண்டுவா. மன்னாரோ எண்டா ஓம். மட்டக்களப்போ எண்டா அதுக்கும் ஓம். எங்களுக்கு அது ஒரு பகிடியாப் போச்சுது. ஆனா அம்மா, அதில ஒண்டு இடிக்குது. ஒருக்கா ஒரு டொக்டர் வந்தவர், உங்கட ஊர் ஆள். ‘அம்மா, நீங்கள் திருகோணமலையோ?’ எண்டு கேட்டார். அதுக்கு மட்டும் இல்லை எண்டிட்டா. அங்க தனக்கு ஒருத்தரையும் தெரியாதாம். பிறகு நாங்கள் எத்தினை தரம் கேட்டும் அதேதான். சாகிறதுக்கு முதல் நாளும் கேட்டனாங்கள், ஆருக்கும் அறிவிக்க வேணுமோ எண்டு.”

“என்ன சொன்னவ?” என்றேன்.

“திருகோணமலையில ஒருத்தரும் இல்லை எண்டா. நாங்கள் அப்ப திருகோணமலையைப் பற்றிக் கேக்கவே இல்லை.” பிறகு அந்தப் பிள்ளையே கேட்டது. “அப்ப அவ நீங்கள் தேடுற ஆள் இல்லைப் போல, என்னம்மா?”

சண்டை முடிந்துவிட்டது, இனி ஓம் என்று சொல்லலாம் என்று அவளுக்குச் சொல்ல ஒருத்தரும் போகவில்லை. பேத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எனக்குக் கிட்டப் பிடித்தாள்.

“அவள்தான் பிள்ளை,” என்றேன். “எங்கட ஆள்தான்.”